விண்வெளி உடலியல் ஆய்வு: கட்டிலா, பனியா, மூடிய அறையா, கடலடியா, லடாக்கா?

விண்வெளியில் மனித உடல் என்ன ஆகிறது என்று ஆராய நினைக்கும் எல்லோருக்கும் விண்வெளி கிடைத்துவிடாது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வழக்கமாக ஏழு பேர் இருப்பார்கள். அவர்களுடைய நாள் ஐந்தைந்து நிமிடமாகப் பங்கு போடப்பட்டிருக்கும். அதில் சுமார் இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சிக்கே போய்விடும். அதனால் எடையின்மை எதைக் கெடுத்தது, உடற்பயிற்சி எதைக் காத்தது என்று பிரித்துப் பார்க்கவும் அங்கே வழியில்லை. ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் தரையிலேயே நடக்கின்றன: ஜெர்மனியின் கொலோனில் சாய்வான கட்டில், அண்டார்க்டிகாவில் குளிர்கால நிலையம், மாஸ்கோவில் மூடிய அறை, புளோரிடாவில் கடலடி வீடு, அண்மையில் லடாக்கில் ஒரு கூடம். ஆய்வுத் திட்டம் எழுத உட்காரும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

விண்பயணம் உடலுக்குத் தரும் ஆபத்துகளை நாசா ஐந்தாகப் பிரிக்கிறது: கதிர்வீச்சு, அடைபட்ட தனிமை, பூமியிலிருந்து தொலைவு, ஈர்ப்பு மாற்றம், மூடிய சூழலின் கேடுகள். தரையில் எந்த இடமும் இந்த ஐந்தையும் சேர்த்துத் தராது. ஒவ்வொரு இடமும் ஒன்றையோ இரண்டையோ அசலாகத் தரும். கூடவே விண்வெளியில் இல்லாத வேறொன்றையும் நுழைத்துவிடும். அந்த நுழைந்த பொருளைக் கணக்கில் எடுக்காததால்தான் பல ஆய்வுகள் கவிழ்கின்றன. எனவே "எந்த இடம் விண்வெளியைப் போலவே இருக்கிறது?" என்று தேடாதீர்கள். "என் கேள்விக்குத் தேவையான ஆபத்தை எந்த இடம் கலப்பில்லாமல் தருகிறது?" என்று தேடுங்கள்.

தலைமாடு தாழ்ந்த கட்டில்

கேள்வி எலும்பு, தசை, ரத்த ஓட்டம், கண் ஆகியவற்றில் ஒன்றைப் பற்றியது என்றால், 6 பாகை சாய்ந்த கட்டிலைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. விண்ணிலிருந்து திரும்பிய சோவியத் வீரர்கள், சமமான கட்டிலில் படுத்தால் கால்மாட்டுப் பக்கம் வழுக்கிப் போவதுபோல் இருக்கிறது என்றார்கள். கால்மாட்டை உயர்த்தியபோதுதான் அவர்களுக்குச் சமமாகப் படுத்திருப்பதாகத் தோன்றியது. அந்தக் கவனிப்பிலிருந்து வந்ததுதான் இந்த முறை. காலில் தேங்கியிருக்கும் ரத்தமும் நீரும் மார்புக்கும் தலைக்கும் ஏறும். முகம் உப்பும், கால் மெலியும். இது உபரி நீர் என்று உடல் எடுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேற்றுவதால், சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைந்துவிடும். பாரம் தாங்காத எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்து சிறுநீரில் வருவதும் முதல் வாரத்திலேயே தெரியும்.

சாப்பாடு, குளியல், கழிப்பு எல்லாம் படுத்தபடியேதான். ஒரு தோளாவது எப்போதும் மெத்தையைத் தொட்டிருக்க வேண்டும். ஜெர்மன் விண்வெளி மையத்தின் கொலோன் கூடத்தில் 2019-இல் நடந்த செயற்கை ஈர்ப்பு ஆய்வில் 24 பேர் கலந்துகொண்டார்கள். 15 நாள் முன் அளவீடு, 60 நாள் படுக்கை, 14 நாள் மீட்சி என மொத்தம் 89 நாள். ஒருவருக்கு 16,500 யூரோ கொடுத்தார்கள். ஒரு குழுவை, சுற்றும்போது ஈர்ப்பு போன்ற விசை தரும் மையவிலக்குச் சுழலியில் தினமும் ஒரே மூச்சில் 30 நிமிடம் சுற்றினார்கள். இன்னொரு குழுவை ஐந்தைந்து நிமிடமாக ஆறு தடவை. மூன்றாவது குழு சுற்றாமலே படுத்திருந்தது. தினம் 30 நிமிடச் சுழற்சி தசையையும் எலும்பையும் முழுதாகக் காக்கப் போதவில்லை என்று தெரிந்தது. இந்த விடையை விண்வெளியில் தேடியிருந்தால், 24 பேரைச் சேர்ப்பதற்கே பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

முறை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குத் தலையணையே சான்று. நீண்டநாள் விண்பயணிகள் சிலருக்குப் பார்வை நரம்பின் முனை வீங்குகிறது. பல ஆண்டுகள் இந்த வீக்கம் படுக்கை ஆய்வுகளில் தெளிவாக வெளிப்படவே இல்லை. 2017-இல் கொலோனில் 11 பேரைத் தலையணை இல்லாமல், ஒரு நிமிடம்கூட எழ விடாமல், 0.5% கரியமில வாயு கலந்த காற்றில் 30 நாள் படுக்கவைத்தபோது 5 பேருக்கு அந்த வீக்கம் வந்தது. தலை கொஞ்சம் உயர்ந்தாலும் கண்ணுக்குப் பின்னால் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். உங்கள் கேள்வி கண்ணைப் பற்றியது என்றால் தலையணையைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுங்கள். முழங்கையை ஊன்றிச் சாப்பிடும் பழக்கத்தையும் கேமரா வைத்துக் கண்காணியுங்கள்.

அடிக்கடி நேரும் பிழை ஒன்று எலும்பு அடர்த்தியில். விண்வெளியில் இடுப்பெலும்பு மாதம் 1 முதல் 1.5% வரை குறைகிறது. கட்டிலில் அதைவிட மெதுவாகத்தான் குறையும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனின் அளவீட்டுப் பிழையோ இடுப்பில் ஏறக்குறைய 1%. ஒரே ஆளிடம் இரு அளவீட்டுக்கு இடையே உண்மையான மாற்றம் என்று சொல்ல, அந்தப் பிழையைப்போல் 2.77 மடங்கு வித்தியாசம் வேண்டும். அதாவது சுமார் 2.8%. ஆக, 30 நாள் படுக்கை ஆய்வில் தனி ஆளிடம் எலும்பு இழப்பை டெக்ஸாவில் காட்டவே முடியாது. 60 நாளுக்குக் குறைந்த ஆய்வு என்றால் சிறுநீர்ச் சுண்ணாம்புச்சத்தையும் ரத்தத்தில் எலும்புச் சிதைவுக் குறியீடுகளையும் முதன்மை அளவாக வையுங்கள். எல்லா ஸ்கேனும் ஒரே இயந்திரத்தில், ஒரே ஆள் எடுக்க வேண்டும்.

கட்டில் தராதது என்ன? படுத்தவர் மார்பின்மேல் புவியீர்ப்பு முன்னிருந்து பின்னாக அழுத்திக்கொண்டேதான் இருக்கிறது. விண்வெளியில் அந்த அழுத்தம் இல்லை. நீர் மேலே ஏறியும்கூட, அங்கே மைய சிரை அழுத்தம் (இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தம்) குறைகிறது. ஆகவே இதயம், நுரையீரல் பற்றிய கேள்விகளில் கட்டில் ஓரளவுக்குத்தான் துணை செய்யும். காது சார்ந்த சமநிலைக் கோளாறு, விண்வெளிக் குமட்டல் ஆகியவற்றுக்கு அது உதவவே உதவாது.

மாஸ்கோவின் உயிர்மருத்துவப் பிரச்சினைகள் கழகம் பயன்படுத்தும் உலர் அமிழ்வு முறையும் இதே குடும்பம்தான். தொட்டி நிறைய வெதுவெதுப்பான நீர், அதன்மேல் நீர் புகாத தளர்ந்த துணி, துணிக்குள் ஆள். உடம்பை எதுவும் தாங்காததால், கட்டிலில் வாரக்கணக்கில் வரும் தசைத் தளர்ச்சி இதில் முதல் சில நாளிலேயே வந்துவிடும். 3 முதல் 5 நாள் ஆய்வுக்கு இதுவே சிறந்தது. முதுகுவலி கடுமையாக இருக்கும் என்பதை ஒப்புதல் படிவத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

அண்டார்க்டிகாவில் ஒரு குளிர்காலம்

மனம், தூக்கம், நோய் எதிர்ப்பு, குழுவுக்குள் உரசல் போன்றவை கேள்வி என்றால் பனிக்கண்டத்தை வெல்ல இன்னோர் இடம் இல்லை. காரணம், அங்கே தனிமை நிஜம். பிப்ரவரியில் கடைசி விமானம் போன பிறகு நவம்பர் வரை யாரும் வர முடியாது. குடல்வால் வெடித்தாலும் நிலைய மருத்துவர்தான் பார்க்க வேண்டும். எந்த நேரமும் கதவைத் திறந்து வெளியேறலாம் என்று தெரிந்த மனம் ஒருமாதிரி இயங்கும். முடியாது என்று தெரிந்த மனம் வேறுமாதிரி இயங்கும்.

பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கான்கார்டியா நிலையம் 3,233 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த மனிதர்கள் இருப்பது சுமார் 600 கி.மீ. தள்ளி, ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையத்தில். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 80 பாகைக்கும் கீழே போகும். மே தொடக்கம் முதல் ஆகஸ்ட் நடு வரை சூரியனே உதிக்காது. குழுவில் 12 முதல் 15 பேர். ஐரோப்பிய விண்வெளி முகமை ஆண்டுதோறும் ஓர் ஆய்வு மருத்துவரை அங்கே அனுப்புகிறது.

கான்கார்டியாவின் சிக்கலே அதன் உயரம்தான். துருவத்தில் காற்றழுத்தம் மேலும் குறைவு என்பதால், உடலுக்கு அது ஏறக்குறைய 3,800 மீட்டர் மலைபோலத் தோன்றும். தூக்கம் கெட்டது தனிமையாலா, இருளாலா, ஆக்சிஜன் குறைவாலா? பிரித்துச் சொல்ல முடியாது. வருங்கால நிலவுக் கூடங்களில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கும் திட்டம் இருப்பதால், இந்தக் கலப்பையே விரும்பி எடுப்பவர்களும் உண்டு. ஆனால் தனிமையை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரை ஓரத்து நிலையங்கள் மேல். ஜெர்மனியின் நாய்மாயர் 3 நிலையத்தில் 14 மாதம் இருந்த 9 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதி சராசரியாக 7% சுருங்கியிருந்தது. அங்கே உயரம் என்ற குழப்பம் இல்லை என்பதால் அந்த முடிவுக்குத் தனி எடை உண்டு.

இந்தியாவின் மைத்ரியும் பாரதியும் இதே வகைதான். ஷிர்மாக்கர் சோலையில் உள்ள மைத்ரி கடல் மட்டத்திலிருந்து 120 மீட்டருக்குள்தான் இருக்கிறது. 1989 முதல் இயங்குகிறது. லார்ஸ்மன் குன்றுப் பகுதியில் உள்ள பாரதி 2012-இல் வந்தது. இரண்டையும் கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. இஸ்ரோவின் மங்களா மணி, 2016–17-இல் தன் 56-ஆம் வயதில் பாரதியில் ஓராண்டுக்கு மேல் தங்கி, அங்குள்ள செயற்கைக்கோள் தரவு நிலையத்தில் பணியாற்றினார். இந்திய உணவுப் பழக்கம், இந்திய உடல்வாகு, பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் குழு ஆகியவற்றைப் பற்றிய தரவு ககன்யானுக்குப் பிறகு மிகவும் தேவைப்படும். அதை ஐரோப்பிய நிலையங்களிலிருந்து பெற முடியாது. இந்திய ஆய்வாளர் ஒருவர் இந்த இரு நிலையங்களை விட்டுவிட்டு வெளிநாட்டு வாய்ப்பைத் தேடி ஓடுவது எனக்குப் புரியாத விஷயம்.

நடைமுறையில் கெடுவது மூன்று இடங்களில். முதலாவது அடிப்படை அளவீடு. நிலையத்தை அடைந்த பிறகு எடுத்த முதல் அளவை 'இயல்பு நிலை' என்று வைத்துக்கொண்டால், பயணக் களைப்பும் இடைவிடாத பகல் வெளிச்சமும் அதில் ஏற்கெனவே கலந்திருக்கும். நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் இரண்டு முறை, திரும்பி வந்தபின் குறைந்தது இரண்டு முறை எடுங்கள். இரண்டாவது மாதிரிகள். குளிர்காலத்தில் எடுத்த ரத்தமும் உமிழ்நீரும் கப்பலோ விமானமோ வரும்வரை அங்கேயேதான் கிடக்கும். உமிழ்நீரில் உள்ள கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனுக்கு மைனஸ் 20 பாகை போதும். மரபணு வெளிப்பாட்டு ஆய்வுக்கு மைனஸ் 80 வேண்டும். வழியில் கேப் டவுனில் ஒருநாள் தாமதமானாலும் உலர்பனி தீர்ந்துவிடும். வெளியே மைனஸ் 80 இருக்கிறதே என்று நம்பிப் பனியில் புதைத்து வைக்க வேண்டாம்: கடற்கரை நிலையங்களில் அவ்வளவு குளிர் வராது, கோடையில் உறைநிலையைத் தொட்டுவிடும். மூன்றாவது கேள்வித்தாள். தினமும் அதே இருபது கேள்வியைக் கேட்டால், மூன்றாம் மாதத்திலிருந்து எல்லோரும் ஒரே எண்ணை வட்டமிட்டுப் போவார்கள். வாரம் ஒருமுறை, அதுவும் குறைந்த கேள்விகள் போதும். தூக்கத்தை மணிக்கட்டுப் பட்டை அளந்துகொள்ளட்டும்.

வைட்டமின் டி பற்றியும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். அண்டார்க்டிகாவில் உள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்தில் குளிர்காலம் தங்கியவர்களுக்குத் தினம் 400, 1,000, 2,000 அலகு என மூன்று அளவு கொடுத்துப் பார்த்து, வெயிலே இல்லாத இடத்தில் 2,000 அலகு வேண்டும் என்று கண்டார்கள்.  உங்கள் குழுவில் சிலர் மாத்திரை எடுத்து, சிலர் எடுக்காமல் விட்டால், எதிர்ப்புச் சக்தித் தரவு முழுவதும் வீண்.

இருபத்தைந்து பேருக்கும் குறைவான குழுவில் 'பெண், 41 வயது, மருத்துவர்' என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மனநலத் தரவை வெளியிடும்போது வயதையும் பணியையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுக் குழு உங்களுக்கு உண்மை சொல்லாது.

மூடிய அறை

மாஸ்கோவில் 2010 ஜூன் 3 முதல் 2011 நவம்பர் 4 வரை 6 பேரை 520 நாள் மூடிய கூடத்தில் வைத்தது மார்ஸ்-500 என்ற செவ்வாய்ப் பயண ஒத்திகை. இங்கே ஆய்வாளர் கையில் எல்லாம் இருக்கும்: வெளிச்சம், உணவு, செய்தித் தாமதம், காற்று. அதுவே இந்த முறையின் பலம். ஆறு பேரின் உப்பைக் கிராம் கணக்கில் கட்டுப்படுத்தி, நாள்தோறும் மொத்தச் சிறுநீரையும் சேகரித்தார்கள். அப்போதுதான், உட்கொண்ட உப்பு மாறாமல் இருந்தாலும் வெளியேறும் சோடியம் வாரக்கணக்கில் ஏறி இறங்குகிறது என்று தெரிந்தது. ஒருநாள் சிறுநீரை வைத்து உப்பைக் கணக்கிடும் வழக்கத்தையே அது கேள்விக்குள்ளாக்கியது. வெளியுலகில் எந்த மருத்துவமனையிலும் இப்படி மாதக்கணக்கில் அளக்க முடியாது. அதே ஆய்வில் ஒருவரின் உடல் கடிகாரம் 25 மணி நேர நாளுக்கு நழுவியது. நாள் போகப்போக எல்லோருடைய அசைவும் குறைந்தது. அறை விளக்கு நீல ஒளி குறைந்ததாக இருந்தால் உடல் கடிகாரம் இப்படி நழுவலாம். விளக்கின் அலைநீளத்தைத் திட்டத்தில் எழுதாத ஆய்வை மறுபடி செய்து பார்க்கவே முடியாது.

ஹூஸ்டனில் 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை 4 பேர் நாசாவின் செவ்வாய் ஒத்திகைக்காக 378 நாள் முப்பரிமாண அச்சில் கட்டிய கூடத்தில் இருந்தார்கள். செவ்வாய் மிகத் தொலைவில் இருக்கும்போது ஒரு செய்தி போய்ச் சேர 22 நிமிடம் ஆகும்; பதில் வர இன்னும் 22. இந்தத் தாமதத்தில் குழு எப்படி முடிவெடுக்கிறது என்பதை ஆராய மூடிய அறைதான் சரி. ஆனால் கதவு அங்கேயே இருக்கிறது. ஹவாயின் மௌனா லோவா சரிவில் 2018 பிப்ரவரியில் தொடங்கிய ஓர் ஒத்திகைப் பயணம், ஒருவருக்கு மின்னதிர்ச்சி ஏற்பட்டு நான்கே நாளில் நிறுத்தப்பட்டது. மனித உயிர் முக்கியம் என்பதால் அப்படித்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்ய முடியும் என்பது உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியும் என்பதால், ஆபத்து பற்றிய அச்சத்தை இந்த முறையில் அளக்க முடியாது.

கடலடியும் வளைவு விமானமும்

புளோரிடாவின் கீ லார்கோ அருகே 19 மீட்டர் ஆழத்தில் உள்ள அக்வேரியஸ் கூடத்தில் நாசா 2001 முதல் 2019 வரை 23 பயிற்சிகள் நடத்தியது. உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 2.5 வளிமண்டலம். உடல் முழுக்க நைட்ரஜன் ஏறியிருப்பதால் நினைத்தவுடன் மேலே வர முடியாது. அழுத்தம் இறக்க 17 மணி நேரம் வேண்டும். ஆபத்து நிஜம், வேலை நிஜம், எடையைச் சரிசெய்து நிலவு நடையையும் பழகலாம். கருவி, நடைமுறை, கலத்துக்கு வெளியே நடக்கும் வெளிநடை ஆகியவற்றைச் சோதிக்க இதுவே முதல் தேர்வு. தங்கல் பெரும்பாலும் 7 முதல் 14 நாள் என்பதால் எலும்புக்கும் மனச்சோர்வுக்கும் உதவாது. கூடுதல் ஆக்சிஜன் அழுத்தம் ரத்தச் சிவப்பணுக் கணக்கையும் குழப்பும்.

பிரான்சின் போர்தோவிலிருந்து பறக்கும் ஏ310 விமானம் ஒரு பறப்பில் 31 தடவை செங்குத்தாக ஏறி, வளைந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் 22 விநாடி எடையின்மை. மொத்தம் 11 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். கருவி வேலை செய்கிறதா, உள்காது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னும் பின்னும் 1.8 மடங்கு ஈர்ப்பு வருவதால், தகவமைப்பு பற்றிய கேள்விக்கு இது ஆகாது.

லடாக்

இந்தியாவில் இப்போது எல்லோர் கண்ணும் இங்கேதான். 2024 நவம்பரில் லே பகுதியில் விண்வெளி வாழ்க்கையை ஒத்திகை பார்க்கும் ஒரு பயிற்சி தொடங்கியது. 2025 ஆகஸ்டில் 4,500 மீட்டருக்கு மேலுள்ள ட்சோ கர் ஏரிப் பகுதியில் 'ஹோப்' கூடத்தில் 10 நாள் பயிற்சி நடந்தது. வறண்ட மண், கடும் புற ஊதாக் கதிர், குளிர், குறைந்த அழுத்தம், உப்பு நிலம்: கூடம், உடை, ரோவர், நுண்ணுயிர் ஆகியவற்றைச் சோதிக்க அற்புதமான நிலம்.

உடலியல் கேள்விக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 58% மட்டுமே. சமவெளியிலிருந்து போனவரின் உடல் முதல் 10 நாளில் உயரத்துக்குப் பழகும் வேலையில்தான் இருக்கும். பிளாஸ்மா குறையும், ஹீமோகுளோபின் அடர்த்தி ஏறும். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும்: வேகமாகச் சில மூச்சு, பிறகு சில விநாடி நிறுத்தம், திடுக்கென்று விழிப்பு. பிளாஸ்மா குறைவது விண்வெளியிலும் நடக்கிறது என்பதால் 'பார், ஒத்துப்போகிறது' என்று எழுதத் தோன்றும். காரணம் முற்றிலும் வேறு. 10 நாள் தங்கலில் நீங்கள் அளப்பது மலையை, தனிமையை அல்ல.

இந்திய ராணுவம் பின்பற்றும் பழக்க முறையையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்: 2,700–3,600 மீட்டரில் 6 நாள், 3,600–4,500 மீட்டரில் 4 நாள், அதற்கு மேல் 4 நாள். இந்த 14 நாளும் முடிந்த பிறகே உங்கள் முதல் அளவீடு தொடங்க வேண்டும். அதே உயரத்தில், அதே நாட்களில், அடைபடாமல் வெளியே வாழும் ஓர் ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் லடாக் ஆய்வு நிற்கும்.

பணம் குறைவாக இருந்தால்

60 நாள் கட்டிலும் ஓராண்டுப் பனியும் எல்லோருக்கும் எட்டாது. மருத்துவக் கல்லூரி ஒன்றில் 5 முதல் 7 நாள் படுக்கை ஆய்வை நடத்தவே முடியும். பிளாஸ்மா அளவு, சிறுநீர்ச் சுண்ணாம்புச்சத்து, எழுந்து நிற்கும்போது வரும் மயக்கம் ஆகியவற்றுக்கு அந்தக் காலம் போதும். கட்டிலின் தலைப்பக்கக் காலுக்கும் கால்மாட்டுக் காலுக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால், கால்மாட்டுக் கால்களின் கீழ் 21 செ.மீ. உயரக் கட்டை வைத்தால் 6 பாகை வரும். கட்டையில் குழி வெட்டி கட்டில் காலை அதற்குள் இறக்குங்கள். சக்கரக் கட்டில் வேண்டவே வேண்டாம். மெத்தை தலைப்பக்கம் நகர்ந்துவிடும், அதைப் பட்டையால் கட்டுங்கள். சாய்வை மெத்தையின்மேல் அளக்க வேண்டும், சட்டத்தில் அல்ல: நடுவில் குழிந்த மெத்தையில் மார்பின் சாய்வு 6 பாகையாக இருக்காது.

குடும்பத்தில் ரத்தக்கட்டு வந்தவர்களையும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்காதீர்கள். அசையாமல் படுத்தவர் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. காலையும் மாலையும் கெண்டைக்காலை அளந்து குறியுங்கள். மெலிவது எதிர்பார்த்தது, ஒரு கால் மட்டும் பருத்தால் அன்றே அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள். உணவைப் படுத்தவரின் தேவைக்குக் குறைத்துக் கொடுங்கள். விடுதிச் சாப்பாட்டின் அளவிலேயே கொடுத்தால் கொழுப்பு ஏறி, வளர்சிதைத் தரவு கெட்டுவிடும். கடைசி நாள் எழுந்து நிற்கும் சோதனையின்போது இருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும், மருத்துவர் அறைக்குள் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்ததும், முதல் ஆளைப் படுக்கவைக்கும் முன்பே, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். பிறகு பதிந்தால் நல்ல இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்.